பாலாற்று மணலில் ஒரு வெள்ளை வண்டி

ஆம்பூர்
17.10.2024

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இன்னும் மனசு வரவில்லை.

போன் வேண்டாம் என்று சொன்னது நான்தான். நீங்கள் பேச ஆரம்பித்தால் பின்னால் ஒரு ரயில் வருகிறது. "இரு, இரு" என்கிறீர்கள். அது போய் முடிவதற்குள் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடுகிறது. காகிதத்தில் ரயில் வராது. அதனால் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். இந்த விஷயம் முடிவாகும் வரை லீவு நாளில்கூட ஆம்பூர் பக்கம் வர வேண்டாம். அரக்கோணம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு அரக்கோணம் குவார்ட்டர்ஸ் போதும்.

ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னாலும் அந்தப் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாதுதான். "சமீருல்லா பாய் அவரோட பெரிய வெள்ளைக் காரு, அந்த லேண்ட் க்ரூஸரை விக்கறாராம், நாம வாங்கலாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "அத வச்சிக்கினு எங்க போவப் போற? உழவர் சந்தைக்கா?" என்று சிரித்தீர்கள். என் அண்ணன்களும் சிரித்தார்கள். என் தையல் யூனிட்டில் ஷூ மேல்தோல் தைக்கும் பெண்கள் மட்டும் சிரிக்காமல் பொரித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எனக்காக அவர்கள் வெட்கப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு முந்தின வாரம் நடந்ததை நீங்கள் சொல்ல விடவில்லை. தைத்த சரக்கைப் பாயின் தோல் ஷாப்பில் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் நல்ல மழை. பாய் தன் டிரைவர் ரஷீத் அஹமதுவைக் கூப்பிட்டு, "அம்மாவை வீட்டாண்ட விட்டுட்டு வா" என்றார். கைப்பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து ஏற வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து கதவை மூடியதும் மழைச் சத்தம் நின்றுபோனது. மழை மட்டும் கண்ணாடியில் வழிந்தது.

மாமா, உங்களைக் கல்யாணம் செய்துகொண்டு வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஆம்பூர் வெறும் மதில்தான். டேனரி மதில், கோடவுன் மதில், பெரிய வீட்டுக்காரர்களின் மதில். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மதிலுக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தது. மூடிப்போன ஒரு டேனரிக்குள் குளம், அதில் வெள்ளை அல்லி. இன்னொரு இடத்தில் கொட்டகைக்குள் வெளிர்நீலத் தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், வானத்தைத் துண்டு போட்டு உலர்த்துகிற மாதிரி. ஒரு வீட்டுக்குப் பின்னால் ஊஞ்சல், மழையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "ரஷீத் பாய், இதெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "எப்பவும் இங்கதாம்மா இருக்குது" என்றார் ரஷீத்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கெட்ட தூக்கமின்மை இல்லை. நல்லதுதான்.

யோகலட்சுமி


அரக்கோணம்
22.10.2024

அன்புள்ள யோகாவுக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. பிரித்ததும் அதைத்தான் முதலில் தேடினேன். இருக்கட்டும்.

நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த வண்டி நம் சந்துக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. நம் சந்தில் தண்ணீர் லாரியே நுழையாது. மாவு மெஷின்காரர் வீட்டுச் சுவரை இடித்தால்தான் உண்டு.

சில விஷயங்களை விசாரித்து எழுது. வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா? அடியில் துரு இருக்கிறதா? குனிந்து டார்ச் அடித்துப் பார், பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதாதே. சர்வீஸ் எங்கே விட்டார்கள்? ஒரு சாமான் போனால் வேலூரில் கிடைக்குமா, சென்னைக்கு ஓட வேண்டுமா? பதிவைப் புதுப்பிக்கும் காலம் எப்போது வருகிறது? எல்லாவற்றுக்கும் மேலே, ஓட்டப் போவது யார்? நீ லைசென்ஸ் வாங்கியது டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில். எனக்கு சைக்கிளைத் தவிர ஒன்றும் வராது. பஸ்ஸில் கணியம்பாடி போவதற்குள் எனக்கு வாந்தி வரும் என்பது உனக்குத் தெரியும். தண்டவாளத்தில் போகிற எதிலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ரோட்டில் போவது எதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கே போகப் போகிறாய்? எந்த வண்டியானாலும் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் நான் வழி விடுவேன். என் உத்தியோகமே அதுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

பக்தவச்சலம்


ஆம்பூர்
3.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டுவிட்டேன், போதுமா?

நீங்கள் இல்லாத தீபாவளி. ஓசூரிலிருந்து சௌம்யாவும் மாப்பிள்ளையும் ஒரு நாள் வந்தார்கள். "அப்பா ஏம்மா வரல?" என்றாள். "ட்யூட்டி" என்றேன். நம் பெண் நம்மைவிடக் கெட்டிக்காரி, மேலே கேட்கவில்லை.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு இல்லை, காய்ந்த சேறு கொஞ்சம் இருக்கிறது. வெள்ளத்தில் நிற்கவில்லையாம். சாமான் சென்னையில்தான் கிடைக்கும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் மட்டும் ஒரு முனகல், படுத்திருக்கும் மாடு எழுந்திருக்கும்போது விடுமே, அப்படி. பணத்தைப் பற்றி நீங்கள் கேட்காததற்கு நன்றி. அது யூனிட்டில் நான் சம்பாதித்தது. வண்டியை நிறுத்த யூனிட் வாசல் இருக்கிறது, மாவு மெஷின்காரர் சுவர் பிழைத்தது.

ஓட்டப் போவது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை பாய் அனுமதியோடு ரஷீத் என்னைப் பேரணாம்பட்டு ரோட்டுப் பாலத்துக்குக் கீழே பாலாற்றுக்கு அழைத்துப்போனார். மணலில் இறக்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "இங்க இடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. பயப்படாம ஓட்டுங்க. ஆனா இதுக்குத் தீனி ஜாஸ்தி, அதையும் மனசுல வச்சிக்கோங்க" என்றார்.

அதிகாலைப் பனி. கரையும் இல்லை, பாலமும் இல்லை, வெள்ளையாக ஒரு வெளி. ரோடு இல்லாத இடத்தில் எந்தப் பக்கம் திருப்புவது? எந்தப் பக்கமும் திருப்பலாம் என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மணல் மெதுவாக வண்டியைத் தூக்கித் தூக்கி இறக்கியது. ஓட்டுகிற மாதிரியே இல்லை, மிதக்கிற மாதிரி இருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேனாம், ரஷீத் சொன்னார். இனி ஞாயிறுதோறும் காலையில் அங்கேயே ஓட்டிப் பழகச் சொல்லியிருக்கிறார்.

எங்கே போகப் போகிறேன் என்று கேட்டீர்கள். இந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது? கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூர் என்று ஓர் ஊராம், அங்கே கடலில் சேருகிறதாம். நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. ஆற்றோடு கூடவே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர்தான் அந்த வழியில் போவதில்லை, நானாவது போகிறேனே.

யோகலட்சுமி


அரக்கோணம்
12.11.2024

அன்புள்ள யோகாவுக்கு,

ஆற்றோடு போக முடியாது. வழியெல்லாம் சீமைக் கருவேலங்காடு. மணல் அள்ளிய பள்ளங்கள், தடுப்பணை, ராணிப்பேட்டைக்குக் கீழே என்னென்ன இருக்கிறதோ. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லவில்லை.

பார்த்தபின் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு கனவு. நான் சிக்னல் பேனல் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எல்லா லைனும் காலி. வெளியே பார்த்தால் பிளாட்பாரத்தில் மனிதர்கள் இல்லை, மணல் பரவிக் கிடக்கிறது. சோளிங்கர் பக்கமிருந்து அந்த வெள்ளை வண்டி தண்டவாளத்தின் நடுவே வருகிறது. சத்தமே இல்லை. எந்த லைனில் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை, கை மட்டும் தானாகப் பச்சைக் கொடியைத் தூக்கிவிட்டது. நீ என்னைப் பார்க்காமலே போய்விட்டாய். பின்சீட்டில் யாரோ இருந்தார்கள், முகம் தெரியவில்லை.

எழுந்து தண்ணீர் குடித்தேன். எனக்குக் கனவெல்லாம் வருவதில்லை, தெரியுமே உனக்கு.

வண்டியைப் பற்றி இனி ஒரு கேள்விதான் பாக்கி. கேட்க வெட்கமாக இருக்கிறது, எழுதுவதால் கேட்கிறேன். அந்த வண்டியில் எனக்கு எந்தச் சீட்டு?

பக்தவச்சலம்


ஆம்பூர்
20.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துச் சிரித்தேன்.  பதில் இப்போது எழுத முடியாது.

பெங்களூரிலிருந்து ஓர் ஆள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு போனான். சமீருல்லா பாய் என்னைக் கூப்பிட்டு, "யோகாம்மா, பொங்கல் கழிஞ்சதும் நான் மகனோட சென்னைக்குப் போய்டுவேன். உங்களுக்குத் தரணும்னுதான் எனக்கு ஆசை. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

அன்று சீட்டுகளைத் தடவிப் பார்த்தேன். தோலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. டிரைவர் பக்கம் வெடித்து, மடிப்பு விழுந்து, நிறம் வெளுத்திருக்கிறது. பக்கத்துச் சீட்டு அப்படியே புதுசு. உட்கார்ந்த தடமே இல்லை. ரஷீத்திடம் கேட்டேன். "பாய் வீட்டு அம்மா இதுல ஏறினதே கம்மி. பாய்தான், தனியா எங்கயாவது போய்ட்டு வருவாரு. எனக்கு லீவு குடுத்துடுவாரு" என்றார்.

அதிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அவ்வளவு பெரிய வண்டியில் ஒரு சீட்டை மட்டும் தேய்த்திருக்கிறார். நானும் அப்படித்தான் தேய்க்கப் போகிறேனோ?

யோகலட்சுமி


அரக்கோணம்
27.11.2024

அன்புள்ள யோகாவுக்கு,

வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உனக்குச் சொல்லாமலிருந்தால் சோறு இறங்காது போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

விடியும் முன் வந்த ரயிலில் ஆம்பூரில் இறங்கினேன். வீட்டுக்குத்தான் வர நினைத்தேன். கால் பாலத்துப் பக்கம் போனது. டீக்கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். கீழே பனி மூடியிருந்தது, ஆறு இருப்பதே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து அந்த வண்டி வந்தது. ஓடம் மாதிரி வந்தது. வளைந்து, நின்று, மறுபடி வளைந்து. பிறகு நின்றுவிட்டது. நீ இறங்கினாய். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். சேலையை இடுப்பில் செருகியிருந்தாய்.

"யாரு சார் அது, படம் புடிக்கறாங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "தெரியலப்பா" என்றேன்.

கூப்பிட்டிருக்கலாம். நீ கேட்கும் தூரத்தில்தான் இருந்தாய்.  அங்கே நின்றது என் வீட்டுக்காரி மாதிரி இல்லை, எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெண்பிள்ளை மாதிரி இருந்தது. அவளிடம் போய் என்ன பேசுவது? அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

பக்தவச்சலம்


ஆம்பூர்
6.12.2024

மாமா,

ஆம்பூர் வரைக்கும் வந்து வீட்டுக்கு வரவில்லை. டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

வராதீர்கள் என்று பெண்டாட்டி சொன்னால் வராமலே இருந்துவிடுவதா? வந்தால் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுப் போவதா? அறிமுகமில்லாத பெண்பிள்ளை என்றால் இறங்கி வந்து அறிமுகம் செய்துகொண்டிருக்கலாமே.

புயல் மழையில் ஆறு வந்துவிட்டது. நிஜமாகவே தண்ணீர். ஊரே பாலத்தின் மேல் நின்று பார்த்தது, நானும் நின்றேன். செம்மண் நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு போனது. நான் ஓட்டிய இடமெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பாயிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

யோ.


அரக்கோணம்
11.12.2024

அன்புள்ள யோகாவுக்கு,

வேண்டாம் என்று சொல்லிவிடாதே. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் சொல்லியிருந்தால், போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்.

எங்கே போகப் போகிறாய் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் கேட்க வந்தது அது இல்லை. போனால் திரும்பி வருவாயா என்று கேட்கத்தான் பயந்துகொண்டிருந்தேன். சௌம்யா கல்யாணமாகிப் போன பிறகு, நான் வீட்டுக்கு வந்தால் நாம் இருவரும் டி.வி.யைத்தான் பார்க்கிறோம். நீ தட்டு வைக்கிறாய், நான் சாப்பிடுகிறேன், "கிளம்பறேன்" என்கிறேன். இங்கேயாவது ரயில் வருகிறது, போகிறது, என்னை ஏதாவது கேட்கிறது. ஆம்பூருக்குப் பக்கத்தில், ஜோலார்பேட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நீ எத்தனையோ முறை சொன்னாய். நான் எழுதிக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாமல்தான்.

பாலத்தின் மேலிருந்து பார்த்ததிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. அந்தப் பெண்பிள்ளையிடம் பேச வேண்டும் என்று இருக்கிறது. சாந்தமாக இருக்கும்போது அவள் என்ன பேசுவாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. வண்டி இல்லாவிட்டால் அவள் வருவாளோ மாட்டாளோ.

வாங்கு. சீட்டைப் பற்றி நான் கேட்டதை மறந்துவிடு.

பக்தவச்சலம்


ஆம்பூர்
8.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இத்தனை நாள் எழுதாதது கோபத்தினால் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு மேல் வரவில்லை.

பாயிடம் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு நாள் நான் மட்டும் ஓட்டிக்கினு போய்ட்டு வர்றேன், அப்புறம் சொல்றேன்" என்றேன். ரஷீத்தான் தயங்கினார். பாய் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

தயிர் சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஹைவேயில் லாரிக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். வேலூரில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "அக்கா, உங்குளுதா?" என்று கத்தினார். "இன்னும் இல்லப்பா" என்றேன். கடல் வரை போகும் தைரியம் வரவில்லை. வாலாஜாவுக்குப் பக்கத்தில் அணைக்கட்டு இருக்கிறதே, அங்கே கரையோரம் இறங்கினேன். மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை, அகலமாக, அசையாமல், வானத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தண்ணீர் ஓரத்துக்குப் போனேன். ஈர மணல் பின்சக்கரம் இரண்டையும் விழுங்கிவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வந்து பார்த்து, "இவ்ளோ பெரிய வண்டி, இதுக்கே கதி இதுவா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரஷீத் சொல்லிக் கொடுத்தபடி டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணலைத் தள்ளினேன், அந்த அம்மாளும் வேலிக்கிளை வெட்டிக்கொண்டு வந்து போட்டார். நான்கு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக விட்டேன். வண்டி ஒரு தடவை யோசித்தது. பிறகு ஏறி வந்தது.

அப்புறம் வண்டியின் பானெட் மேல் ஏறி உட்கார்ந்து நாங்கள் இருவரும் தயிர் சாதம் தின்றோம். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஊட்டுக்காரர் எங்க?" என்றார். "அரக்கோணத்துல ரயில் உட்டுக்கினு இருக்கார்" என்றேன். "இட்டாந்து காட்டு இந்தத் தண்ணிய. வருசா வருசமா வருது?" என்றார்.

திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, மாமா. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. தனியாகப் போய் வர முடியும் என்று தெரிந்த பிறகுதான், உங்களைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. முன்பெல்லாம் வரச் சொன்னது வேறு, இப்போது கூப்பிடுவது வேறு. உங்களுக்குப் புரிகிறதோ இல்லையோ.

வண்டியை வாங்குகிறேன். பாயிடம் சொல்லியாகிவிட்டது. ரஷீத் அதைக் கழுவிப் பொட்டு வைத்து, பொங்கலுக்கு முன்னால் யூனிட் வாசலில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். தைக்கிற பெண்கள் யார் முதலில் ஏறுவது என்று இப்போதே சண்டை.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். முன்சீட்டு.

யோகலட்சுமி


19.1.2025, ஞாயிறு
பாலாற்றங்கரை, ஊர்ப் பெயர் தெரியாது

அன்புள்ள யோகாவுக்கு,

நீ தூங்குகிறாய். நான் ஒரு கை நீட்டினால் உன் தோள். ஆனாலும் எழுதித்தான் சொல்ல வருகிறது. இந்த மூன்று மாதத்தில் அப்படி ஒரு பழக்கமாகிவிட்டது.

காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். நீ வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். காஞ்சிபுரம் பக்கம் ஓரிடத்தில் வழி தெரியாமல் வாழைத் தோப்புக்குள் போய்விட்டோம். "இப்ப எப்டி?" என்று என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். என் உத்தியோகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. நீ சிரித்துவிட்டு ஒரு பக்கம் திருப்பினாய். அது சரியான பக்கம்தானா என்று இன்னும் தெரியவில்லை.

மத்தியான வெயில். நாணல் உயரமாக வளர்ந்திருக்கிறது, காற்று அடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. தண்ணீர் சன்னமாக ஓடுகிறது. கடல் இன்னும் வரவில்லை. "கண்ண மூடிட்டு எழுந்துக்கறேன், அஞ்சே நிமிசம்" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தாய். சீட்டைப் பின்னால் சாய்க்கும் பட்டனைத் தேடி உன் பக்கம் அழுத்தினேன். அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. ஜோலார்பேட்டைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியாது. நாம் சேர்ந்து யோசிக்கலாம்.

ஒரு பையன் சைக்கிளில் வந்து கண்ணாடியைத் தட்டி, "இன்னா சார், வண்டி நின்னு போச்சா?" என்று கேட்டான். "இல்லப்பா, டிரைவர் தூங்கறாங்க" என்றேன். உன்னை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. நீ சொன்ன ஐந்து நிமிஷம் எப்போதோ போய்விட்டது. எழுப்பலாம் என்று இரண்டு முறை கையைக் கொண்டுவந்தேன். எனக்கு இந்த வண்டியை ஓட்டத் தெரியாது, நீ எழுந்திருக்கும் வரை நாம் இங்கேதான். நன்றாகத் தூங்கு.

பக்தவச்சலம்